அச்சு விலகிய காசு

பேரிகையிலிருந்து ஒசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிறவர்களில் பிரஸ் ஷாப் ஆட்கள் நிறைய. தகட்டை டைக்கு அடியில் தள்ளி வெட்டுவதும், அமுக்கி உருவம் எடுப்பதும் அவர்களுக்கு அன்றாட வேலை. அப்படிப்பட்ட டை செட்டர் ஒருவரிடம், டீக்கடையில், ஓரம் பிறை போல வெட்டுப்பட்ட இரண்டு ரூபாய் நாணயத்தை ஓர் இளைஞர் நீட்டினார்.

"அண்ணா, இதுக்கு லட்ச ரூபா வருமாமே? வீடியோல சொல்றாங்க."

செட்டர் வெட்டைப் பார்க்கவில்லை. அதற்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார். "லட்சத்தைப் பத்தி எனக்குத் தெரியாதுப்பா. ஆனா இது ப்ளாங்க்லயே விழுந்த வெட்டு. இந்தப் பக்கம் விளிம்பு எழும்பவே இல்ல பாரு. அப்புறமா எவனும் அறுத்த காசு இல்ல இது."

நாணயச் சேகரிப்பில் பல ஆண்டு பழகியவர்கள் பூதக்கண்ணாடி வைத்துச் செய்யும் சோதனையும் இதேதான். பிழையுள்ள நவீன நாணயத்துக்குக் கூடுதல் விலை உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே என் பதில். ஆனால் அந்த விலை எங்கிருந்து வருகிறது என்று புரிய வேண்டுமானால் முதலில் பிரஸ் ஷாப்புக்குள் போக வேண்டும்.

நம் காசு ஒரு நீண்ட உலோகச் சுருளாகத்தான் தொடங்குகிறது. அதிலிருந்து வட்டத் தட்டுகளை வெட்டுகிறார்கள், இதுதான் ப்ளாங்க். ஒரு ரூபாய் 1992 முதல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறியது. மறு ஆண்டே சேலம் உருக்காலையில் நாணய ப்ளாங்க் வெட்டும் பிரிவு தொடங்கியது. பேரிகை அடங்கிய கிருஷ்ணகிரி வட்டாரமும் ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. மும்பையிலோ ஐதராபாத்திலோ சிங்கத் தலைகள் பதிக்கப்பட்டு பேரிகைச் சந்தைக்கு வந்து சேரும் ஒரு காசு, அதற்கு முன் வெறும் தட்டாகச் சேலத்திலிருந்து புறப்பட்டதாகவும் இருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

சுருள் ஒவ்வொரு அடிக்கும் சரியான தூரம் நகர வேண்டும். கொஞ்சம் குறைவாக நகர்ந்தால், தட்டை வெட்டும் பஞ்ச், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் பாதி ஏறி விழும். கிடைக்கும் தட்டில் பிறை வடிவில் ஒரு துண்டு குறையும். சுருளின் கடைசி ஓரத்தில் விழுந்தால் வெட்டு நேர்கோடாக இருக்கும். இதன் பிறகு தட்டை உலையில் சூடேற்றி மென்மையாக்கி, விளிம்பு எழுப்பும் இயந்திரத்துக்குள் உருட்டிவிடுகிறார்கள். இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் பள்ளத்துக்குள் தட்டு உருளும். அந்த அழுத்தத்தில் ஓரம் மேலெழும்பும். வெட்டுப்பட்ட இடம் ஒரு பக்கம் வரும்போது அங்கே பிடிக்க உலோகம் இல்லை. எனவே நேர் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாது, விளிம்பும் எழாது. செட்டரின் நகம் தேடியது இந்த இடத்தைத்தான். வீட்டில் அரம் வைத்து ராவிய காசில் எதிர்ப்பக்க விளிம்பு எப்போதும் போல் எழுந்து நிற்கும். பொய் அங்கே தெரிந்துவிடும்.

அச்சடிக்கும்போது வேறு வகைப் பிழைகள் நேர்கின்றன. தட்டைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்துக்குள் அது சரியாக உட்காராவிட்டால் உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கும். அடித்த காசு கீழே விழாமல், உருவம் பதிக்கும் டையிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த தட்டில் அந்தக் காசே அச்சாக இறங்கும். அப்போது ஒரு பக்கம் வழக்கமான உருவமும், மறுபக்கம் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி, குழிந்தும் பதியும். ஒரு மதிப்புக்கான தட்டு இன்னொரு மதிப்பின் பிரஸ்ஸுக்குள் போய்விடுவதும் உண்டு. டை விரிசல் விட்டால் காசின் மேல் மெல்லிய மேட்டுக்கோடு ஓடும். டையின் ஓரம் உடைந்தே போனால் அந்த இடத்தில் உருவம் இல்லாமல் ஒரு கட்டி நிற்கும்.

நவீன பிரஸ் ஒன்று நிமிடத்துக்கு 700 காசுகளுக்கு மேல் அடிக்கக்கூடியது. அத்தனை வேகத்திலும் தவறியவற்றைப் பிரித்தெடுத்து மீண்டும் உருக்க அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சல்லடையிலும் தப்பி, மூட்டைக்குள் போய், வங்கி வழியாக நம் கைக்கு வருகிற காசுதான் அரிது. விலை என்று ஒன்று இருந்தால் அது இந்தத் தப்பித்தலுக்குத்தான்.

இதற்கு நேர்மாறான சாட்சி நம் வட்டாரத்து மண்ணிலேயே இருக்கிறது. ஒசூர்ப் பகுதி ஐதரும் திப்புவும் ஆண்ட நிலம். திப்புவின் யானைச் செப்புக்காசுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: யானையின் தும்பிக்கை ஒன்றில் இருக்காது, வால் இன்னொன்றில் இருக்காது. சுத்தியலால் ஒருவர் கையால் அடித்த காசு அப்படித்தான் இருக்கும். அங்கே நடு விலகல்தான் வழக்கம். முழு யானையும் நடுவில் நிற்கும் காசுக்கே அதிக விலை. சங்க காலச் செப்புக்காசுகளிலும் இதே கதைதான். நம் ஒரு ரூபாயில் கணக்கு தலைகீழாகிறது. கோடிக்கணக்கில் ஒன்றுபோல் வரும் பொருளில் ஒன்று மட்டும் மாறி வந்தால்தான் பார்ப்பவன் நின்று பார்க்கிறான். இயந்திரம் எவ்வளவு ஒழுங்காக உழைக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் சறுக்கல் மதிப்புப் பெறுகிறது.

திப்பு 1787-இல் மௌலூதி ஆண்டு முறையைக் கொண்டுவந்தபின் காசுகளில் ஆண்டின் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். அறியாதவர் கண்ணுக்கு அது அச்சுப் பிழையாகத் தோன்றும். அது அரசனின் ஆணை. இன்றும் இப்படி வேண்டுமென்றே செய்ததைப் பிழை என்று எண்ணி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

ஆண்டின் கீழே நட்சத்திரம் இருந்தால் லட்சம், புள்ளி இருந்தால் இரண்டு லட்சம் என்கிறார்கள். நட்சத்திரம் ஐதராபாத் நாணயச்சாலையின் குறி, புள்ளி நொய்டாவுடையது, வைரம் மும்பையுடையது. கொல்கத்தா குறி எதுவும் இடுவதில்லை. பத்து ரூபாயில் பத்துக் கோடா, பதினைந்து கோடா என்று நம் பக்கக் கடைகளில் எத்தனை சண்டை நடந்தது! அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியிருந்தது. வைஷ்ணோ தேவி உருவம் பதித்த 2012-ஆம் ஆண்டு ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக வெளியிட்டவை. வீட்டில் இருந்தால் சாமி படத்தருகே வைக்கலாம். லட்சத்துக்கு விற்க முடியாது.

உண்மையான பிழைகளிலும் எல்லாம் விலை போவதில்லை. எஃகு கடினமான உலோகம். டைகள் சீக்கிரம் களைத்துப்போகும். அதனால் விரிசல் கோடும், அழுக்கு அடைத்து மங்கிய எழுத்தும் நம் காசுகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கு முகமதிப்பைத் தாண்டிக் கொடுக்க ஆள் குறைவு. லேசாக நடு விலகியதும் அப்படியே. பாதியளவு விலகியும் ஆண்டு, நாணயச்சாலைக் குறி இரண்டும் தெரிகிற காசுக்குத்தான் போட்டி. கண்ணாடி உருவம் பதிந்ததும், வேறு மதிப்பின் தட்டில் அடித்ததும் அதற்கும் மேலே.

அரிதாக இருப்பது மட்டும் போதாது, தேடுகிறவரும் வேண்டும். அமெரிக்காவில் 1955-இல் எழுத்துகள் இரட்டையாகப் பதிந்த ஒரு சென்ட் காசுகள் சுமார் 20,000 வெளியே போய்விட்டன. இன்றும் ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது, ஏனென்றால் லிங்கன் சென்ட் வரிசையைச் சேர்ப்பவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பிரிட்டனில் 2008-இல் 20 பென்ஸ் வடிவத்தை மாற்றினார்கள். பின்பக்கம் இருந்த ஆண்டு முன்பக்கத்துக்குப் போக வேண்டும். பழைய முன்பக்க டையும் புதிய பின்பக்க டையும் ஒரே பிரஸ்ஸில் சேர்ந்துவிட்டதில் ஆண்டே இல்லாத காசுகள் வந்தன. 50,000 முதல் 2,00,000 வரை இருக்கலாம் என்று ராயல் மின்ட் கணித்தது. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டார்கள். கூச்சல் அடங்கியபின் பெரும்பாலும் நூறு பவுண்டுக்குள் கைமாறுகிறது. கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. நம் வீடியோக்கள் காட்டுவது எப்போதும் கேட்ட விலையைத்தான்.

இந்தியக் குடியரசு நாணயங்களின் பிழைகளைத் தேடிச் சேர்க்கும் வட்டம் இங்கே இன்னும் சிறியது. பெங்களூர் நமக்கு அருகில்தான். மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் அங்கே இயங்குகின்றன. எதையும் விற்கும் முன் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போய், எது என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று நேரில் பார்த்துவிட்டு வருவது நல்லது.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு விஷயத்தில். 'உங்கள் காசுக்கு ஐந்து லட்சம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள்' என்று வரும் போன். தக்காளி விலை படுத்த வாரத்தில் இப்படி ஒரு போன் வந்தால் எந்த வீட்டிலும் ஆசை எழும். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும்கூட இவர்கள் பயன்படுத்துகிறார்கள். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணம் கேட்பதில்லை, தன் சார்பில் வாங்க எவரையும் அனுமதிக்கவில்லை என்று வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரித்தது. வாங்குகிறவர் முன்பணம் கேட்டால் அவர் வாங்க வந்தவர் இல்லை.

பிரஸ்ஸும் லேத்தும் தெருவுக்குத் தெரு இருக்கும் பகுதி இது. பத்து ரூபாயின் நடுத்தட்டைக் கழற்றித் திருப்பி அமுக்குவது இங்கே பெரிய வித்தை அல்ல. ஷோலே படத்தில் வருவதுபோல் இரு பக்கமும் ஒரே உருவம் உள்ள காசும் பெரும்பாலும் லேத் வேலைதான்: ஒரு காசைக் குடைந்து, இன்னொன்றைச் சீவி உள்ளே பொருத்துவார்கள். ஓரத்தின் உள்பக்கம் மயிரிழைபோல் இணைப்பு தெரியும். விளையாட்டாகக்கூட இதைச் செய்ய வேண்டாம் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காசை உருக்குவதற்கும் அழிப்பதற்கும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

உங்கள் கல்லாவில் விசித்திரமான காசு ஒன்று அகப்பட்டால், நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். பத்து ரூபாய் 7.71 கிராம், 1992-க்குப் பிந்தைய பெரிய எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம். அச்சு மட்டும் விலகிய காசில் எடை குறையாது; வெட்டுப்பட்டதில் குறையும். எடை மாறியும் வெட்டு எதுவும் இல்லையென்றால் தட்டு மாறியிருக்கிறதா என்று யோசிக்கலாம். எந்த வங்கியில், எப்போது கிடைத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காகித உறையில் போட்டு வையுங்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். நாணயச்சாலை விட்டுவந்த மேற்பரப்பு போய்விட்டால், அசல் பிழைக்குக்கூட வாங்குகிறவர் விலையைக் குறைத்துவிடுவார்.