கடதாசிக்குப் பின்னால் இருப்பது என்ன?

இடம்பெயர்ந்து போன நாட்களை நினைத்துப் பாருங்கள். சட்டி பானையை விட்டோம். ஆடு மாட்டை அவிழ்த்து விட்டோம். ஆனால் ஒரு பையை மட்டும் கைவிடவில்லை. அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், அடைவு வைத்த நகையின் பற்றுச்சீட்டு என்று சில கடதாசிகள் இருந்தன. மழையில் நாம் நனைந்தோம். அந்தப் பை நனையாமல் பார்த்துக் கொண்டோம். அதைத் தொலைத்தவர்கள் பட்ட அலைச்சலையும் நாம் அறிவோம்.

ஒரு கடதாசியின் பெறுமதியை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால், இனிக் காசு பெறாது என்று ஒதுக்கப்பட்ட கடதாசிகளைத் தேடித்தேடி வாங்கிச் சேர்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். பழைய கம்பனிகளின் பங்குப் பத்திரங்களே அவர்களது சேகரிப்பு. இந்தப் பொழுதுபோக்குக்கு 1970களில்தான் ஆங்கிலத்தில் தனிப் பெயரே உண்டானது. 1978 இல் இவர்களுக்கென ஒரு சர்வதேசச் சங்கமும் தொடங்கப்பட்டது. இவர்களுள் ஒரு சிறு கூட்டத்தினர், நூறு வருடங்களுக்கு முன்னர் தபால் முத்திரை விற்ற கம்பனிகளின் பத்திரங்களை மட்டும் நாடுகிறார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் சிறுகச் சிறுகச் சேமிக்கும் பெண்களாகிய எமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

பங்குப் பத்திரம் என்றால்?

ஓர் ஊரில் பத்துப் பெண்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபா போட்டு ஓர் அரைக்கும் மில் தொடங்குகிறார்கள் என்று வைப்போம். மில்லில் பத்தில் ஒரு பங்கு இன்னாருக்குச் சொந்தம் என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுக்கும் தாளே பங்குப் பத்திரம். மில் ஓடினால் இலாபத்தில் பங்கு வரும். மில் படுத்துவிட்டால் தாள்தான் மிஞ்சும்.

இன்று அறியப்பட்ட பங்குப் பத்திரங்களில் மிகப் பழையது 1606 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9 ஆம் திகதிக்குரியது. நெதர்லாந்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் 2010 இல் ஒரு மாணவர் அதைக் கண்டுபிடித்தார். அதை வழங்கியது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் அதே கம்பனிதான். எங்கோ ஒருவர் பங்குக்குப் போட்ட காசு எம்முடைய மண் வரை வந்திருக்கிறது!

முத்திரை விற்றுப் பிழைத்தவர்கள்

உலகின் முதலாவது தபால் முத்திரை 1840 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. சில வருடங்களிலேயே அவற்றைச் சேர்க்கும் ஆசையும் பிறந்தது. பிளைமத் என்ற துறைமுக நகரில் ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற இளைஞர், 1856 இல் தகப்பனாரின் மருந்துக்கடையின் ஒரு மூலையில் முத்திரை விற்கத் தொடங்கினார். 1863 இல் இரண்டு கப்பலோட்டிகள் தென்னாபிரிக்க நன்னம்பிக்கை முனையின் முக்கோண முத்திரைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்களாம். அவர் கொடுத்தது 5 பவுண். அதில் அவர் கண்ட இலாபம் அதைப் போலப் பல மடங்கு. 1890 இல் வியாபாரத்தை 25,000 பவுணுக்கு விற்றுவிட்டு ஓய்வுபெற்றார்.

அமெரிக்காவில் ஜோன் வோல்ட்டர் ஸ்கொட் என்பவர் 1860களில் நியூயோர்க்கில் இதே தொழிலில் இறங்கினார். 1870 இல் அங்கு முத்திரைகளை ஏலத்திலும் விற்றார். அவரது பெயரில் வரும் விலைப்பட்டியலை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் மெக்கீல் என்பவர் முத்திரை விற்றதோடு, 1891 முதல் முத்திரைக்கென ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார்.

ஒற்றை ஆளின் மேசையில் தொடங்கிய இத்தகைய தொழில்கள் வளர்ந்தபோது கம்பனிகளாகப் பதியப்பட்டன. பங்குகள் பிரிக்கப்பட்டன. பங்குப் பத்திரங்கள் அச்சாகின.

சேகரிப்பவர் எதைப் பார்க்கிறார்?

இவை சிறிய கம்பனிகள். பங்குகள் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும்தான் இருந்தன. ஆகவே அச்சான பத்திரங்களும் கொஞ்சமே. பங்கு கைமாறும்போது பழைய தாள் கம்பனிக்குத் திரும்பிவிடும். அதில் துளையிட்டு அல்லது குறுக்கே எழுதி இரத்துச் செய்வார்கள். கம்பனி மூடியதும் கணக்குப் புத்தகங்களோடு அவையும் குப்பைக்குப் போய்விடும். தப்பியவை அபூர்வம் என்பதாலேயே அவற்றுக்கு விலை.

கள்ளத்தனமாக அச்சடிக்க முடியாதபடி செதுக்கிய நுணுக்கமான சித்திரம், தொடர் இலக்கம், கம்பனியின் அழுத்து முத்திரை, தொடக்கியவரின் கையொப்பம் ஆகியவற்றைச் சேகரிப்பவர் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்கிறார். அடுத்து, வரி முத்திரை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862 இல் வடபகுதி அரசு போர்ச் செலவுக்காகப் பத்திரங்களுக்கு வரி விதித்தது. 1898 இல் ஸ்பெயினோடு போர் வந்தபோதும் அப்படியே. அந்த வருட வரி முத்திரையில் இருப்பது ஒரு போர்க்கப்பலின் படம். போரின் தழும்பு ஒரு கணக்குத் தாளில்கூட விழுந்துதான் கிடக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியம், பத்திரத்தில் எழுதப்பட்ட பெயர். இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்கு வந்த பங்கும் பணமும் ஒரு காலத்தில் சட்டப்படி கணவனுக்கே போயின. 1882 ஆம் ஆண்டுச் சட்டம்தான் மனைவி தன் சொத்தைத் தன் பெயரில் முழுமையாக வைத்திருக்கும் உரிமையைக் கொடுத்தது. அதன் பின்னர் எழுதப்பட்ட ஒரு பத்திரத்தில் மணமான பெண்ணொருத்தியின் பெயரைக் கண்டால், அதன் பின்னால் ஒரு நீண்ட போராட்டம் இருக்கிறது என்று அறியலாம்.

இன்று பங்குகள் பெரும்பாலும் கணினியிலேயே பதியப்படுகின்றன. கையில் தாள் வருவது அருகிவிட்டது. அதனாலும் பழைய தாள்களுக்கு மவுசு கூடியிருக்கிறது.

முத்திரையை நம்பி ஏமாந்தவர்கள்

இனி மறுபக்கம். ஸ்பெயின் நாட்டில் அஃபின்சா, ஃபோரும் ஃபிலாத்தெலிக்கோ என்று இரண்டு முத்திரைக் கம்பனிகள் இருந்தன. 'எம்மிடம் முத்திரை வாங்குங்கள். குறித்த காலத்தின் பின் கூடிய விலைக்கு நாமே திருப்பி வாங்குவோம்' என்றார்கள். வங்கி வட்டியை விடக் கூடுதலாகக் கிடைத்தது. ஓய்வூதியக்காரரும் தொழிலாளரும் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கையில் அழகான ஒப்பந்தப் பத்திரம் கிடைத்தது.

2006 மே மாதம் 9 ஆம் திகதி பொலிஸார் அந்த அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள். முத்திரைகளுக்குக் கம்பனிகள் சொன்ன விலை சந்தையில் எங்கும் இருக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவரின் காசை எடுத்தே பழையவருக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நான்கு இலட்சத்துக்கும் அதிகம். 2016 இலும் 2018 இலும் நீதிமன்றம் கம்பனிகளின் தலைவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் சேமிப்பாளர்களின் பணத்தில் பெரும்பகுதி போனது போனதுதான்.

எமக்கு

சேகரிப்பவர் ஓர் இறந்த கம்பனியின் தாளைத் தெரிந்துகொண்டே வாங்குகிறார். அதன் பின்னால் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். சேமிப்பவருக்கு அது தெரியாமல் போனால்தான் ஆபத்து.

எங்கள் ஊர்களுக்கும் அழகான பத்திரங்களோடு ஆட்கள் வருகிறார்கள். காசைக் கொடுக்க முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்ன தொழில் செய்து இந்த இலாபத்தைத் தருகிறீர்கள்? இந்தப் பொருளின் விலையை உங்களைத் தவிர வேறு யார் சொல்கிறார்கள்? நான் புதிய ஆட்களைச் சேர்த்தால்தான் எனக்குக் காசு வருமா? வைப்புப் பணம் ஏற்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை இலங்கை மத்திய வங்கி வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று படித்த பிள்ளை ஒருவரைக் கொண்டாவது பார்ப்பியுங்கள்.

கையிலுள்ள பத்திரங்களைப் பேணும் முறையைச் சேகரிப்பவரிடமே கற்கலாம். ஈரம் படாத, கறையான் ஏறாத இடத்தில் வையுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். காலம் போக அது மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். உங்கள் உழைப்பில் வாங்கியது எதுவானாலும், அந்தக் கடதாசியில் உங்கள் பெயர் இருக்கட்டும்.