இரட்டை விண்மீன் தேடல்: கைகொடுக்கும் நிஜாம் காலக் கணக்கு

வானில் ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் விண்மீன்களில் பல, உண்மையில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா விண்கலம் திரட்டிய அளவீடுகளை அலசிய ஆய்வாளர்கள், 2021-ல் சுமார் 13 லட்சம் இரட்டை விண்மீன்களை அடையாளம் கண்டனர். விண்கலங்கள் மேற்கொள்ளும் இத்தகைய தேடலுக்கு, ஹைதராபாதில் ஒரு நூற்றாண்டுக்கு முன் கையால் அளந்து எழுதப்பட்ட எண்களும் உதவியிருக்கின்றன என்பது பலரும் அறியாத செய்தி.

இத்துறையில் தென்னிந்தியாவின் பங்கு புதிதல்ல. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்நட்சத்திரம் ஒன்றைக் கவனித்துக் கொண்டிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி என்பது இரட்டை விண்மீன் என்று கண்டறிந்தார். அன்று ஒரு தொலைநோக்கியும் கூரிய கண்களும் போதுமாயிருந்தன. லட்சக்கணக்கான விண்மீன்களில் தேட வேண்டுமானால், முழு வானத்துக்கும் கணக்கெடுப்பு தேவை.

வானத்துக்கு ஒரு கணக்கெடுப்பு

அந்தக் கணக்கெடுப்புக்கு 1887-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு திட்டமிட்டது. வானத்தைப் பட்டைகளாகப் பிரித்து, பல நாட்டு ஆய்வகங்கள் கண்ணாடித் தகடுகளில் படமெடுப்பது என முடிவாயிற்று. வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 17 முதல் 23 டிகிரி வரையிலான பட்டையை ஏற்ற சிலி நாட்டின் சாண்டியாகோ ஆய்வகத்தால் பணியை முடிக்க இயலவில்லை. பின்னர் அது ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தின் வசம் வந்தது.

நவாப் ஜாஃபர் ஜங் 1901-ல் நிறுவிய இந்த ஆய்வகத்தை, 1908-ல் நிஜாம் அரசு ஏற்றது. பெயரின் முதலெழுத்தில் தேரழுந்தூரைத் தாங்கிய டி.பி. பாஸ்கரன், 1918 முதல் 1944 வரை இதன் இயக்குநராக இருந்தார். தகட்டில் பதிந்த ஒவ்வொரு புள்ளியின் இடமும் அளக்கப்பட்டு, பல லட்சம் விண்மீன்களின் விவரங்கள் தொகுதி தொகுதியாக அச்சேறின. ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வகம் முடிக்காமல் விட்ட பகுதியில் ஒரு பங்கையும் ஹைதராபாதே செய்து கொடுத்தது.

பழைய எண், புதிய பயன்

அருகருகே தெரியும் இரு விண்மீன்கள் எல்லாம் ஜோடி ஆகிவிடாது. ஒன்று அருகிலும் மற்றது வெகு தொலைவிலும் இருக்கலாம். இரண்டும் ஒரே தொலைவில், ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்ந்தால்தான் அவை ஜோடி எனக் கொள்ளப்படுகின்றன. துணை கண்ணுக்கே தெரியாவிட்டால், அதன் ஈர்ப்பால் முதன்மை விண்மீனின் பாதையில் ஏற்படும் தள்ளாட்டம் காட்டிக்கொடுக்கும்.

இங்குதான் பழைய தகடுகள் கைகொடுக்கின்றன. ஹிப்பார்கஸ் விண்கலம் கணித்த நகர்வு, 1989 முதல் 1993 வரையிலான சில ஆண்டு அளவீட்டைக் கொண்டது. ஹைதராபாத் உள்ளிட்ட ஆய்வகங்களின் பழைய பதிவுகளையும் சேர்த்து 2000-ல் வெளியான டைக்கோ-2 பட்டியலோ, சுமார் நூறாண்டு நகர்வைக் காட்டுகிறது. இரண்டும் பொருந்தாத இடத்தில் மறைந்த துணை இருக்கக்கூடும். இந்த ஒப்பீட்டின் வாயிலாக, இரட்டையாக இருக்கக்கூடிய விண்மீன்களின் பட்டியலை அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்டனர்.

கையா விண்கலமும் 2025 ஜனவரியில் தன் அளவீட்டுப் பணியை நிறைவு செய்துவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் சுற்றும் ஜோடிகளை அறிய அதன் பத்தாண்டு அளவீடு மட்டும் போதாது.

உத்தரகண்டின் தேவஸ்தலில் 2022-ல் முதன்முதலாக வானைப் படம்பிடித்த 4 மீட்டர் திரவ ஆடித் தொலைநோக்கி, தலைக்கு மேல் கடந்து செல்லும் ஒரே வானப் பட்டையைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்வதற்கென்றே அமைக்கப்பட்டது. இத்தகைய பதிவுகளின் முழுப் பயன் அவற்றை எடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போகலாம். எனவே தொலைநோக்கிக்குப் பணம் ஒதுக்கும் அரசு, அதன் பதிவுகளை நூறாண்டு காக்கவும், அனைவரும் பயன்படுத்தும்படி திறந்து வைக்கவும் சேர்த்தே திட்டமிட வேண்டும். நிஜாம் காலத்தில் எழுதிய எண்கள் அச்சேறி உலகெங்கும் பரவியதால்தான், இன்றும் அவற்றைப் புரட்டிப் பார்க்க முடிகிறது.