பூட்ஸ் கடைக்காரர் கவுன்சிலரானார்

கலிபோர்னியாவில் பூட்ஸ் கடை நடத்திய ஒருவர், வேறொரு நாட்டில் நகர கவுன்சிலர் ஆன கதை உங்களுக்குத் தெரியுமா?

அவர் பெயர் மிஃப்லின் கிப்ஸ். கறுப்பினத்தவர். சான் பிரான்சிஸ்கோவில் நண்பரோடு சேர்ந்து கடை போட்டிருந்தார். ஒருநாள் கடைக்குள்ளேயே, வெள்ளைக்காரர் ஒருவர் அந்த நண்பரைத் தடியால் அடித்துத் துவைத்துவிட்டார். கண்ணெதிரே பார்த்தும் கிப்ஸால் கோர்ட்டுக்குப் போக முடியவில்லை. ஏன் தெரியுமா? வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லவே அங்கே சட்டம் இடம் தரவில்லை!

இப்படிப்பட்ட ஊர் வேண்டாம் என்று நூற்றுக்கணக்கான கறுப்பினத்தவர் வடக்கே கப்பல் ஏறினர். கிப்ஸும் கிளம்பினார். இன்றைய கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் விக்டோரியா நகரம் அவர்களை ஏற்றுக்கொண்டது. தங்கம் தோண்ட வந்தவர்களுக்கு மாவு, கம்பளி, மண்வெட்டி எல்லாம் விற்று கிப்ஸ் நன்றாகக் காலூன்றினார். 1866ஆம் ஆண்டு நகர கவுன்சில் தேர்தலில் நின்று ஜெயித்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். கனடா என்ற நாடு பிறந்ததே அதற்கு அடுத்த ஆண்டில்தான்!

பிறகு அமெரிக்கா திரும்பிச் சட்டம் படித்த கிப்ஸ், லிட்டில் ராக் நகரில் தேர்தலில் வென்று நீதிபதியாகவும் அமர்ந்தார். உரிமை கிடைத்தால் மனிதர் எவ்வளவு உயரம் போவார் என்பதற்கு கிப்ஸின் வாழ்க்கையே சாட்சி, நேயர்களே!