உங்களுக்குத் தெரியுமா?

அழகுக்குப் போடும் சீட் கவர், உயிர்காக்கும் காற்றுப்பையையே முடக்கிவிடலாம்!

• பல குடும்ப எஸ்.யூ.வி.களில், முன் சீட்டின் சாய்மானத்துக்குள் கதவோரமாக ஒரு காற்றுப்பை மடிந்திருக்கிறது. பக்கவாட்டில் மோதினால், கண் இமைக்குமுன் தையலைப் பிளந்து விரியும். இறுக்கமான ரெக்சின் உறை அதை மறித்துவிடும்.

• இவ்வகைக் காற்றுப்பையைக் காரில் முதலில் பொருத்திய நிறுவனம் வொல்வோ. ஆண்டு 1994.

• சீட் ஓரத்தில் ‘எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்’ என்ற சிறு பட்டி இருக்கிறதா? அந்தப் பக்கம் விரிய இடம்விட்டுத் தைத்த உறையையே வாங்குங்கள்.

• டேஷ்போர்டில் காற்றுப்பை மூடியின்மேல் அத்தர் போத்தல், டிசு பெட்டி வேண்டாம். பை விரிந்தால் அவை முகத்துக்கே பாயும்.

• கல்முனையிலிருந்து பொத்துவில் வழியாக ஏ4 வீதியில் நெடும்பயணமா? எல்லோருக்கும் பெல்ட், கைக்குழந்தைக்குப் பின் சீட்டில் குழந்தை இருக்கை. முன் சீட் மடி ஒருபோதும் வேண்டாம்.