பிரேக்கை மிதித்தால் பெட்ரோல் முள் ஏன் இறங்குகிறது?

பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பெட்ரோல் முள் கொஞ்சம் இறங்கி, காலை எடுத்ததும் ஏறுகிறதா? இண்டிகேட்டர் போட்டால் அதே தாளத்தில் முள்ளும் துடிக்கிறதா? பழைய கார் வைத்திருக்கும் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். மீட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டி, பழைய சாமான் கடையில் இன்னொரு மீட்டர் வாங்கி மாட்டுவார்கள். மாட்டிய மீட்டரிலும் முள் இறங்கும். ஏனென்றால் கோளாறு டேஷ்போர்டில் இல்லை. பெரும்பாலும் வண்டியின் பின்பக்கம், டெயில் லேம்ப் அருகே துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு போல்ட்டில் இருக்கிறது.

பேட்டரியின் பாசிட்டிவில் கிளம்பும் கரண்ட் வயர் வழியாகப் போகிறது. திரும்பி வருவது வண்டியின் பாடி வழியாக. வயர் பாடியோடு சேரும் இடத்தைத்தான் எர்த் என்கிறோம். பிரேக் லைட், இண்டிகேட்டர், பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும், டேங்க்கிலுள்ள ஃப்ளோட் யூனிட் ஆகிய மூன்றுக்கும் பின்பக்கத்தில் ஒரே எர்த் கொடுத்திருக்கும் வண்டிகள் ஏராளம். பிரேக் லைட் பல்பு ஒன்று 21 வாட். இரண்டும் சேர்ந்து 42 வாட், அதாவது 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். அந்த போல்ட்டில் துரு ஏறி வெறும் 0.3 ஓம் தடை வந்துவிட்டால் போதும், பிரேக்கை மிதித்த கணத்தில் பூஜ்யமாக இருக்க வேண்டிய எர்த்தில் ஏறக்குறைய ஒரு வோல்ட் நிற்கும். ஃப்ளோட் வழியாகப் போக வேண்டிய கரண்ட் அந்த அளவுக்குக் குறைகிறது. டேங்க் காலியாகிக்கொண்டிருப்பதாக மீட்டர் நினைத்துக்கொள்கிறது.

விட்டு விட்டு வரும் டேஷ்போர்டு கோளாறுகளில் பெரும்பகுதி இப்படித்தான். நம் ஊர்ப் பழைய கார்களின் வயதைப் பாருங்கள்: மாருதி 800 விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில். அதன் தயாரிப்பும் அம்பாசடரின் தயாரிப்பும் 2014-இல் நின்றன. ஆகவே இன்று ஓடும் அந்த வண்டிகளில் இளையதற்கே பத்து வயது தாண்டிவிட்டது. இந்த வயதில் மீட்டருக்குள் இருக்கும் பாகங்கள் கெடுவதைவிட, ஒன்றோடொன்று சேரும் இடங்கள் கெடுவதே அதிகம்: போல்ட், கப்ளர், ஃப்யூஸ் ஹோல்டர், சால்டர். இரண்டு உலோகம் தொடும் இடத்தையெல்லாம் முதலில் சந்தேகப்படுங்கள்.

சந்தேகப்படுவதற்கு முன், ஸ்பேனரைத் தொடாமல் ஒரு வாரம் கவனியுங்கள். கோளாறு எப்போது வருகிறது, கூடவே வேறு எது கெடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல மீட்டர்களும் லைட்டுகளும் ஒரே நேரத்தில் சாகின்றன என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றில்தான் குறை: மீட்டர் செட்டுக்கு வரும் சப்ளை, அதன் ஃப்யூஸ், அதன் எர்த். ஒரே ஒரு முள் மட்டும் படுத்துகிறது என்றால் அதன் வயர், அதன் சென்சார், கடைசியாக அந்த மீட்டர். பள்ளத்தில் இறங்கும்போது அணைந்தால் லூஸ் கான்டாக்ட். மழை பெய்த மறுநாள் வந்தால் முன்கண்ணாடி ரப்பர் வழியாக ஃப்யூஸ் பாக்ஸுக்குத் தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் மட்டும் வந்து, சாயங்காலம் தானாகச் சரியானால், மீட்டருக்குப் பின்னால் இருக்கும் போர்டில் சால்டர் வெடித்திருக்கலாம். சாவியை லேசாக அசைத்தால் எல்லாம் அணைந்து எரிகிறதா? இக்னிஷன் ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது, வேறெங்கும் தேட வேண்டாம்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், இரு முனையிலும் கிளிப் போட்ட ஒரு நீள வயர், எமரி பேப்பர், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. முதலில் பேட்டரியைப் பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஆகி, எஞ்சின் நிற்கையில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்; எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8-இலிருந்து 14.5 வரை. இது சரியில்லாமல் டேஷ்போர்டைப் பிரிப்பது வீண் வேலை.

அடுத்துதான் முக்கியமான சோதனை, பலரும் தவறாகச் செய்வதும் இதுதான். மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் போடும் நிலையில் வைத்து, எர்த் வயரின் இரு முனையையும் தொட்டு, சத்தம் வந்ததும் எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். எலி கடித்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும் வயரும் அந்தச் சோதனையில் பீப் அடிக்கும். மல்டிமீட்டர் அனுப்பும் கரண்ட் துளி அளவுதான். அதற்கு ஒரு இழை தாராளம். மூன்று ஆம்பியர் போகும்போதுதான் அந்த வயரின் யோக்கியதை தெரியும். ஆகவே வேலை செய்யும்போதே அளக்க வேண்டும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனையை நீள வயர் மூலம் பேட்டரியின் நெகட்டிவோடு சேருங்கள். சிவப்பு முனையை டெயில் லேம்ப் ஹோல்டரின் எர்த்தில் வைத்துக்கொண்டு, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. சிவப்பு முனையை மெல்ல மெல்லப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள்: வயர், அதன் முனையில் இருக்கும் ரிங், போல்ட், பாடி. எந்த இரண்டு இடத்துக்கு நடுவே வோல்ட் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் குற்றவாளி. மீட்டர் செட்டின் எர்த்தையும் இதே மாதிரி, எல்லா விளக்கையும் போட்டுவிட்டு அளக்கலாம்.

பழுது நீக்குவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, ரிங்கையும் பாடியையும் எமரி போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, அதன்மேல் வாசலின் தடவினால் போதும். பெயின்டின் மேல் போல்ட்டை முடுக்குவது எர்த் ஆகாது. டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வந்த வண்டிகளில் புதிதாக மீட்டர் ஆடத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கடலோரத்தில் ஓடும் வண்டிகளுக்கு, உப்புக்காற்று சும்மா விடாது என்பதால், இந்தப் போல்ட்டை அவ்வப்போது கழற்றிப் பார்ப்பது நல்லது.

கப்ளரைப் பிரித்தால் பின்னில் பச்சைப் படிவு தெரியும். கிளீனர் அடித்து, நாலைந்து முறை சொருகி எடுங்கள். ஆனால் சுத்தமாக இருந்தும் தொந்தரவு தரும் கப்ளர் உண்டு: பெண் பின்னின் பிடி தளர்ந்திருக்கும். மெல்லிய ஊசியால் அதைக் கொஞ்சம் நெருக்கிவிட்டால் சரியாகும். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டால் பெரும்பாலான பழைய வண்டிகளில் இன்னொன்றும் அகப்படும், முந்தைய உரிமையாளர் ஆசைப்பட்டு மாட்டிய ஸ்டீரியோ, அலாரம், சென்டர் லாக் வயர்கள். ஒரிஜினல் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி விட்டிருப்பார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி ஓடியிருக்கும். என் அனுமானத்தில், எர்த்துக்கு அடுத்த பெரிய எதிரி இந்த முறுக்கு ஜாயின்ட்தான். வேண்டாததை அறுத்தெறிந்து, வேண்டியதைச் சால்டர் செய்து ஸ்லீவ் போடுங்கள்.

வயரின் நிறத்தை நம்பும்போதும் எந்த ஊர் மரபு என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மரபு வயரிங்கில் பிரவுன் என்றால் சாவி இல்லாமலே எப்போதும் கரண்ட் இருக்கும் வயர், கறுப்புதான் எர்த். ஜெர்மன் மரபில் பிரவுன்தான் எர்த். நிறத்தை மட்டும் பார்த்து வயரைச் சேர்த்தால் புகை வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் மீட்டர் செட்டைக் கழற்றலாம். பச்சை போர்டு இருந்தால், கப்ளர் பின்கள் போர்டில் சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சால்டர் குமிழைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டம் தெரியும், அதுதான் வெடிப்பு. ஃப்ளக்ஸ் வைத்து, கொஞ்சம் புதுச் சால்டர் சேர்த்து உருக்கினால் பல வருஷத் தலைவலி தீர்ந்துவிடும். போர்டுக்குப் பதில் செம்புக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கும் வண்டிகளில் சால்டரிங் அயர்னைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஃபிலிம் உருகிவிடும். பல்பு ஹோல்டர் தொடும் இடத்தை பென்சில் அழிரப்பரால் மெல்லத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிவப்பு பேட்டரி விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பல பழைய வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்பு ஃப்யூஸ் ஆனால் எச்சரிக்கை மட்டும் போவதில்லை, சார்ஜிங்கே தொடங்காமல் போகலாம். அழகுக்காக அங்கே எல்.இ.டி. மாட்டினாலும் அதே கதி வரலாம்.

செய்யக்கூடாதவை மூன்று. 10 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 20 ஆம்பியர் போடுவது, சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிச் சொருகுவது: ஃப்யூஸுக்குப் பதில் வயரிங்கே எரியும். ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் கப்ளரைத் தொடுவதோ, அதில் டெஸ்ட் லேம்ப் வைப்பதோ வேண்டவே வேண்டாம். பெட்ரோல் டேங்க் மேல் இருக்கும் ஃப்ளோட் வயரை சாவி போட்டபடி கழற்றி மாட்டாதீர்கள். ஒரு சின்னப் பொறி போதும்.

இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று எலக்ட்ரீஷியனிடம் விடுவதிலும் தப்பில்லை. ஆனால் “மீட்டர் வேலை செய்யலை” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். “பிரேக் போட்டால் முள் இறங்குது, மழை பெஞ்சா அதிகமாகுது” என்று சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு டெயில் லேம்ப்பைக் கழற்றப் போகிறவரிடம் வண்டியை விடலாம். எர்த்தை அளக்காமலே புது மீட்டருக்கு விலை சொல்கிறவரிடம் விட வேண்டாம்.