பாத்ரூம் சுவத்துல புது ரூம்மேட்!

ஐப்பசி மழை பிடிச்சா போதும், பாளையங்கோட்டைப் பக்கம் எந்த ஹாஸ்டல் பாத்ரூமில் லைட்டைப் போட்டாலும் சுவரில் ஒல்லியாக ஒரு ஜீவன் ஒட்டிக்கிட்டு இருக்கும். ‘ஏலே, என்னலே இது?’ என்று கூட்டம் கூடும். ஒருத்தர் துடைப்பம் தேடுவார். இன்னொருத்தர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, ‘நான் வளர்க்கப் போறேன்’ என்பார். ரெண்டு பேரில் யார் ஆபத்தானவர்? என் ஓட்டு பாட்டில்காரருக்குத்தான்! துடைப்பத்துக்குத் தப்பிச்சு ஓடலாம். பாட்டிலுக்குள் எங்கே ஓடுறது?

முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடுவோம். செல்போனில் ஒரு போட்டோ எடுத்து, விரல் நுனியைப் பெரிசாக்கிப் பாருங்க. குட்டிக் குட்டி வட்டத் தட்டுகள் இருந்தால் அநேகமாக மரத்தவளை. தொடையின் பின்பக்கம் மஞ்சள் புள்ளிகளும் தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம். நிறத்தை மட்டும் நம்பாதீங்க, அடிக்கடி மாத்திக்கும். தோல் முழுக்க முண்டு முண்டாக, கண்ணுக்குப் பின்னால் புடைப்போடு இருந்தால் அது தேரை. அந்தப் புடைப்பில் விஷம் உண்டு. தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீங்க. தொட்டால் மரு வரும் என்பது சும்மா கதை. மரு வருவது வைரஸால்.

சரி, பாட்டில் ஏன் கூடாது? தவளை வாயால் தண்ணி குடிக்காது, தோல் வழியாகத்தான் உறிஞ்சும். சுவாசத்திலும் ஒரு பங்கு தோல் வழியேதான். அதனால உங்க கையில் இருக்கிற சோப்பு, சானிட்டைசர், கொசு க்ரீம் எல்லாம் அதன் உடம்புக்குள் போகும். மெஸ் சாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது (நம்மாலேயே முடியலையே!). அசையுற பூச்சிதான் அதுக்குச் சாப்பாடு.

பூனை வாயிலிருந்து மீட்டதா? ஒரு ராத்திரி விருந்தாளியாக வெச்சுக்கலாம். ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஈரத்துணி, நாலு இலை, உடம்பு மூழ்காத அளவு மழைத்தண்ணி. குழாய்த்தண்ணியில் குளோரின் இருக்கும், வேண்டாம். மறுநாள் சாயங்காலம், பிடிச்ச இடத்திலேயே விட்டுடுங்க.

மாஞ்சோலை டூர் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்கணும். ‘கல்லுக்குள் தேரை’ கேட்டிருப்பீங்க. மூங்கிலுக்குள் தவளை தெரியுமா? 1876-ல் விவரிக்கப்பட்டு, நூறு வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், 2011-ல் திரும்பக் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட தவளை ராவோர்செஸ்டெஸ் சலாசோடெஸ். நீளம் ஒரு இஞ்ச்தான். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் கே.எஸ். சேஷாத்ரி குழுவினர் இதைக் கவனிச்சு 2014-ல் எழுதினாங்க. மூங்கில் தண்டில் இருக்கும் சின்ன ஓட்டை வழியே நுழைஞ்சு உள்ளே முட்டை. காவல், அப்பா தவளை! தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரா குட்டித் தவளைதான். யாரோ ஆசையாக வெட்டுகிற ஒரு தண்டுக்குள் முழுக் குடும்பமே இருக்கலாம். அதே மலையின் கக்காச்சி ஊர்ப் பெயரிலேயே 2012-ல் இன்னொரு தவளைக்குப் பெயர் வெச்சாங்க.

காப்பகத்திலிருந்து அனுமதி இல்லாமல் எந்த உயிரை எடுத்து வந்தாலும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஹாஸ்டல் தவளையை மலையில் கொண்டுபோய் விடுவதும் தப்பு. கைட்ரிட் என்ற பூஞ்சை நோயால் உலகத்தில் 501 நீர்நில வாழ் இனங்கள் குறைந்துபோனதாக 2019-ல் வந்த ஆய்வு சொல்லுது. நோய் இத்தனை தூரம் பரவியதற்கு, மனுஷங்க தவளைகளை ஊர் ஊராகத் தூக்கிப் போனதும் ஒரு காரணம்.

மழை விட்டதும் டார்ச்சோடு தண்ணித்தொட்டிப் பக்கம் போய்ப் பாருங்க. தண்ணிக்கு மேலே சுவரில் நுரை உருண்டை ஒட்டியிருந்தால், அது துணி துவைச்ச மிச்சம் இல்லை, மரத்தவளைக் கூடு. குஞ்சுகள் தண்ணியில் விழும்வரை தொட்டியைக் கழுவ வேண்டாம்னு வாட்ச்மேன் அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையுங்க.