துருவைத் தடுக்கும் கிராஃபீன்: ஆற்றைக் கெடுக்காமல் தயாரிக்க முடியுமா?

மாணவர்களே, ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங் துறைமுகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கப்பல்கள், எண்ணெய்க் கலன்கள், குழாய்கள் என எங்கும் இரும்பும் எஃகும்தான். காற்றிலோ ஈரமும் உப்பும் கலந்திருக்கின்றன. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு அதை விரைவுபடுத்தும். சாயம் பூசினாலும், அதிலுள்ள நுண்துளைகளின் வழியே இவை நாளடைவில் உள்ளே இறங்கிவிடும்.

இதைத் தடுக்க உதவும் பொருள்களில் ஒன்று கிராஃபீன். உங்கள் பென்சிலில் உள்ள கிராஃபைட், மெல்லிய கார்பன் தாள்களின் அடுக்கு. 1 மில்லிமீட்டர் தடிப்பில் ஏறத்தாழ 3 மில்லியன் தாள்கள் இருக்கும். அதில் ஒரு தாள்தான் கிராஃபீன். நீர் மூலக்கூறு அதைத் துளைத்துச் செல்லாது. சாயத்தில் இத்தாள்களைக் கலந்தால், நீர் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வளைந்து செல்ல வேண்டும். வழி நீளும், துரு தாமதமாகும்.

2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபீனைப் பிரித்தெடுத்தனர். 2010இல் நோபல் பரிசும் பெற்றனர். ஆனால், ஒட்டுநாடாவைக் கொண்டு சாய வாளியை நிரப்ப முடியுமா?

அதிக அளவில் தயாரிக்க உதவும் ஒரு வழி, 1958இல் வெளியான ஹம்மர்ஸ் முறையிலிருந்து வந்தது. அதில் அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் தேவை. அமிலக் கழிவுநீர் மிஞ்சும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அக்கழிவுக்கும் கிராஃபீனுக்கும் தொடர்பில்லை. ஆனாலும், கழிவைக் கவனிக்காத தொழில் என்ன செய்யும் என்பதை ஜொகூர் மக்கள் அறிவார்கள்.

2014இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஜொனதன் கோல்மன் குழு எளிய வழி ஒன்றைக் காட்டியது. நீர், கிராஃபைட் தூள், பாத்திரம் கழுவும் திரவம் மூன்றையும் சமையலறை பிளெண்டரில் சுழற்றியது. வேகமாகச் சுழலும் நீர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கிப் பிரிக்கிறது; சோப்பு அவை மீண்டும் ஒட்டாமல் காக்கிறது. கடும் அமிலம் தேவையில்லை. பெரிய கலன்களிலும் இதைச் செய்யலாம். நீங்கள் வீட்டில் முயல வேண்டாம். தூளும் சோப்பும் உணவுப் பாத்திரத்துக்கு ஆகாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிராஃபீன் மின்சாரத்தைக் கடத்தும். பூச்சில் கீறல் விழுந்தால், அந்த இடத்தில் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கலாம். அதனால் தாள்களை ஒன்றோடொன்று தொடாதபடி குறைவாகக் கலக்கிறார்கள். மின்சாரம் கடத்தாத போரான் நைட்ரைடு தாள்களையும் ஆராய்கிறார்கள்.

ஆகவே, 'பசுமைத் தயாரிப்பு' என்று எங்கேனும் படித்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த இரசாயனம் சேர்ந்தது? கழிவுநீர் எங்கே போகிறது? கீறல் விழுந்த பிறகும் பூச்சு காக்குமா?